பஞ்சாங்கத்துல இல்லாத பிராணி

இந்தக் கதைய எனக்கு மொதமொதல்ல சொன்னது பட்டாளத்துக்காரர் வீட்டு அம்சவேணி அக்கா. எங்க பெரியவன் வயித்துல இருந்த வருஷம், ஐப்பசி அடைமழையில, ரேஷன் கடை தாழ்வாரத்துல மண்ணெண்ணெய் வரிசையில நின்னுக்கிட்டிருந்தோம். மழை விடற வரைக்கும் சொன்னாங்க. வீட்டுக்காரரோட வடக்க, இமயமலைப் பக்கம், நாலு வருஷம் குடியிருந்தவங்க அவங்க. சரி, நீ கண்ண மூடிக்கோ. நான் சொல்லச் சொல்ல 'ம்' கொட்டணும். கொட்டலன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு மலை ஊர்ல ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் இருந்தாங்களாம். மலைன்னா நம்ம ஊரு மலை மாதிரி மொட்டைப் பாறை இல்ல. பச்சைப் பசேல்னு, எப்பப் பாத்தாலும் ஈரமா இருக்கும். ஜன்னலத் திறந்தா மேகம் உள்ள வந்துடும். துவைச்ச பாவாடை காய மூணு நாள் ஆகும்.

மாமியாரு பேரு காசியம்மா. மருமக பேரு பூங்காவனம். ரெண்டு பேரும் போளூர் பக்கத்துக்காரங்க. காசியம்மாவோட பையன் தணிகாசலம் அந்த மலையில ரோடு போடற லாரிக்கு டிரைவரு. அதனால மூணு பேரும் அங்க போய் ஆறு வருஷமாச்சு.

காசியம்மா நல்ல மனுஷி. மருமகளுக்குத் தலைவலின்னா, தானே சுக்கு அரைச்சுப் பத்து போடுவாங்க. ஆனா அவங்களுக்கு ஒரே ஒரு குறை. என்ன குறை? அந்த ஊர்ல பல்லி கெடையாது.

சிரிக்காத. நெசமாத்தான்! அவங்க வீடு இருந்த அந்த உச்சிக் குளிருக்கு ஒரு பல்லிகூட வரல. காசியம்மா நம்ம பக்கம் இருந்தப்போ, பல்லி எந்தத் திசையில சொல்லுச்சு, எத்தனை தடவை சொல்லுச்சு, யாரு தோள்ல விழுந்துச்சுன்னு எல்லாத்துக்கும் பலன் சொல்றவங்க. தெருவுல யாரு மேல பல்லி விழுந்தாலும் நேரா இவங்க வீட்டுக்குத்தான் ஓடி வருவாங்க. இங்க வந்து பாத்தா சுவரு சும்மா கெடக்கு.

"நல்லது கெட்டது சொல்ல ஒரு பல்லி இல்லாத ஊரெல்லாம் ஒரு ஊராடா தணிகா?"ன்னு பையன்கிட்ட தெனமும் புலம்புவாங்க. ஆனாலும் வருஷா வருஷம் ஊர்லேருந்து தபால்ல பஞ்சாங்கம் வரவழைச்சிடுவாங்க.

ம்?

அப்புறம், ஒரு ஆனி மாசக் கடைசியில, பூங்காவனத்துக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. அவ தங்கச்சி சுலோச்சனா எழுதினது. தாய் தகப்பன் இல்லாத பொண்ணு அது. பூங்காவனந்தான் இடுப்புல தூக்கி வளத்தா. அந்தப் பொண்ணு இப்போ புள்ளத்தாச்சி. 'அக்கா, இன்னும் பத்து நாள்ல ஆயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமில்ல' அப்படின்னு எழுதியிருந்துச்சு.

கடுதாசி வந்து சேரவே நாலு நாள் போயிடுச்சு. மலையிலேருந்து எறங்கி ரயில் புடிச்சு ஊர் போய்ச் சேர இன்னும் மூணு நாள் ஆகும். மழை வேற வலுத்துக்கிட்டே இருக்கு. மண்ணு சரிஞ்சா ரோட்ட மூடிடுவாங்க, அப்புறம் மாசக்கணக்குல யாரும் எறங்க முடியாது. நாளைக்குச் சாயங்காலம் மூணு மணிக்கு ஒரு ஜீப்பு கீழ எறங்குதாம். அத விட்டா வேற வண்டி இல்ல.

"போயிட்டு வாம்மா"ன்னு காசியம்மாதான் மொதல்ல சொன்னாங்க. ராத்திரியே பெட்டியில நாலு புடவை, கொழந்தைக்குத் தச்ச சட்டை, பெருங்காய டப்பா எல்லாம் வச்சுக் கட்டியாச்சு.

மறுநாள் காலையில, பயணம் போற பொண்ணு தலைக்குக் குளிச்சிட்டுப் போகட்டும்னு காசியம்மா வெந்நீர் போட்டாங்க. கொழாயில தண்ணி வரல. அதனால வீட்டுக்குக் கீழ இருக்கற குட்டையிலேருந்து ரெண்டு வாளி மொண்டு வந்து வச்சிருந்தாங்க. பூங்காவனம் முக்காலியில குந்தினா. எண்ணெய் வச்சு, சீயக்காய் தேச்சு, பரபரன்னு தேச்சு... அப்போ சீயக்காய் கண்ணுல எறங்கிடுச்சு.

"ஐயோ அத்தை! கண்ணு எரியுது! பச்சத்தண்ணி ஊத்துங்க!"

காசியம்மா அவசரத்துல வெந்நீர்ல வெளாவாம, குட்டைத் தண்ணி வாளியில சொம்ப விட்டு மொண்டு அப்படியே தலையில ஊத்தினாங்க.

சளக்!

தண்ணியோட சேந்து என்னமோ ஒண்ணு.

சொத்!

உச்சந்தலையில விழுந்து, நெத்தி வழியா வழுக்கி, மடியில உருண்டு, பொத்துனு தரையில போய் உக்காந்துச்சு. பாத்தா, ஒரு சாண் நீளம். நாலு காலு. ஒரு வாலு. காப்பிக்கொட்டை நெறம். முதுகோரம் ரெண்டு பக்கமும் பாகற்காய் மாதிரி மணிமணியா இருக்கு.

காசியம்மா கையில இருந்த சொம்பு டணார்னு விழுந்துச்சு.

"பல்லி!"

பயமா, சந்தோஷமான்னு சொல்ல முடியாத ஒரு குரலு. ஆறு வருஷமா பாக்காத ஒறவுக்காரங்களப் பாத்த மாதிரி.

"பூங்காவனம், பல்லிடி! அதுவும் தலையில! ஆறு வருஷமா வாயத் திறக்காத பல்லி, இன்னிக்கு வந்து தலையில விழுந்து சொல்லுதுன்னா, சும்மாவா சொல்லும்?"

ஈரக் கையோட போய் பஞ்சாங்கத்தப் பிரிச்சாங்க. பல்லி விழும் பலன். தலை... தலை... ஆங், இங்க இருக்கு.

'துன்பம்.'

காசியம்மா பஞ்சாங்கத்த மூடினாங்க. மொகம் வெளுத்துப் போச்சு. விடுவிடுன்னு கூடத்துக்குப் போய், கட்டி வச்சிருந்த பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டாங்க.

"நீ போகக் கூடாது."

"அத்தை!"

"மூணு நாள் பயணம், மழை, மலைச் சரிவு, இதுல தலையில பல்லி. உன்ன அனுப்பிட்டு நான் இங்க எப்படிம்மா சோறு திம்பேன்?"

பூங்காவனத்துக்குக் கண்ணு எரிஞ்சுச்சு. சீயக்காயாலயா வேற எதாலயான்னு அவளுக்கே தெரியல. சுலோச்சனா அங்க வாசலையே பாத்துக்கிட்டிருப்பா.

"பரிகாரம்னு ஒண்ணு இருக்குமே அத்தை?"

"இருக்கு. காஞ்சிபுரத்துல தங்கப் பல்லி இருக்கில்ல, அதத் தொட்டுக் கும்பிடணும்."

"அப்போ போற வழியில தொட்டுட்டுப் போறேன்."

"பரிகாரம் பண்றதுக்கு முன்னாடி பயணமே கூடாதுங்கறேன்!"

"பயணம் போகாம காஞ்சிபுரத்துக்கு எப்படி அத்தை போறது?"

காசியம்மா யோசிச்சாங்க. நல்லா யோசிச்சாங்க. ஆனா பெட்டியிலேருந்து எந்திரிக்கல.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்போ பூங்காவனம் ஈரத் தலைய முடிஞ்சுக்கிட்டு குளிக்கற எடத்துக்குப் போனா. போய்ப் பாத்தா, அது போகல! அங்கயே இருக்கு. பல்லியா இருந்தா இந்நேரம் விறுவிறுன்னு ஓடி பரண் மேல ஏறியிருக்கும். இது ஒரு காலத் தூக்குது, யோசிக்குது, வைக்குது. அப்புறம் இன்னொரு காலத் தூக்குது, யோசிக்குது. மூட்டுவலிக்காரங்க படி எறங்கற மாதிரி.

பூங்காவனம் குந்தி உக்காந்து பாத்தா. அதுவும் தலையத் தூக்கி அவளப் பாத்துச்சு.

'நீ யாரு?'ன்னு அவளுக்குக் கேக்கணும்போல இருந்துச்சு. ஒரு அலுமினியக் குண்டானக் கவுத்து அத மூடி வச்சுட்டு உள்ள வந்தா.

"அத்தை, பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா."

"விழுந்தது பல்லிதானான்னு பாத்துட்டு அப்புறம் பயப்படுவோமே."

"நாலு காலு, ஒரு வாலு. வேற என்னவாம்?"

"பூனைக்குந்தான் நாலு காலு, ஒரு வாலு."

"பூனை விழுந்திருந்தா உங்கழுத்து சுளுக்கியிருக்கும். போடி!"

சொல்லிட்டாங்களே தவிர, காசியம்மா மனசுல ஒரு முள்ளு குத்துச்சு. நாப்பது வருஷம் பல்லியோட பழகினவங்க. யாராவது 'இது பல்லியா?'ன்னு கேட்டா அவங்களால சும்மா இருக்க முடியுமா? மெதுவா எந்திரிச்சாங்க. மூக்குக்கண்ணாடிய மாட்டினாங்க.

"பல்லின்னா செவுத்துல ஏறும். கொண்டா, விட்டுப் பாக்கலாம்."

பூங்காவனம் அத ஈரத் துணியால எடுத்து சுவத்துல ஒட்ட வச்சா. வச்சு, கைய எடுத்தா.

சொத்!

மறுபடி வச்சா. சொத்! நல்லவேளை, கீழ கோணிய மடிச்சுப் போட்டிருந்தா, அடிபடல.

"குளிர்ல கால் மரத்துப் போயிருக்கும்"னாங்க காசியம்மா. "குளுருக்கு நானே படி ஏற மாட்டேங்கறேன். இதெல்லாம் கணக்குல சேத்தியில்ல. பல்லின்னா சொல்லணும். அது எப்படிச் சொல்லாமப் போகும்னு பாக்கறேன்."

அப்புறம் ரெண்டு பேரும் குண்டானுக்குப் பக்கத்துல உக்காந்தாங்க. காசியம்மா வெரலால தரையத் தட்டி 'ச்சு ச்சு ச்சு'ன்னு கூப்பிட்டாங்க. சத்தமில்ல. நாக்க மடிச்சு 'டக் டக் டக்'னாங்க. ம்ஹூம். காதக் குண்டான் மேல வச்சுக் கேட்டாங்க. ஓட்டு மேல மழைச் சத்தம் மட்டும் சடசடன்னு கேக்குது. உள்ள ஒரு முணுமுணுப்புகூட இல்ல.

இவங்க இப்படித் தரையில கவுந்து படுத்துக் குண்டானுக்குக் காது குடுத்துக்கிட்டு இருக்கறப்பதான் தணிகாசலம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான்.

"என்னம்மா இது? சோறு வேகற சத்தம் கேக்கறீங்களா?"

குண்டானத் தூக்கிக் காட்டினாங்க. அவன் ஒரே பார்வையில சொல்லிட்டான்.

"அட, சாலமாண்டரு! எங்க இன்ஜினியர் அய்யா காட்டியிருக்காரு. குட்டையில மழைக்கு வரும். குளிர்காலத்துல கல்லுக்கடியில போய்த் தூங்கிடும்."

"பேரச் சொன்னாப் போதுமா? பல்லிக்கும் இங்கிலீஷ்ல ஏதாவது பேரு இருக்கும்"னாங்க காசியம்மா.

"இல்லம்மா, இது தவளைக்குத்தான் சொந்தமாம். பல்லி வால விட்டா வால் மட்டும் மொளைக்குமில்ல? இதுக்குக் காலு போனாலும் காலே மொளைக்குமாம்!"

"காலு மொளைக்குமா? அப்போ என் முட்டிக்கு ஒரு வழி கேட்டுட்டு வாடா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"கேக்கறேன். நீங்க மொதல்ல கையக் கழுவுங்க. அது தோல்ல வெஷம் ஊறுமாம், பட்ட கைய வாயில வச்சிடாதீங்க."

"ஏங்க, அப்போ நான் ஊருக்குப் போகலாமில்ல?"ன்னா பூங்காவனம்.

தணிகாசலம் பொண்டாட்டியப் பாத்தான். அம்மாவப் பாத்தான். சோத்தப் பாத்தான்.

"அம்மா சொன்னா சரிதான்"னு சொல்லிட்டு ரசத்த ஊத்திக்கிட்டான்.

மணி ஒண்ணரை ஆச்சு. ஜீப்பு மூணு மணிக்கு.

ஒனக்கு என்ன தோணுது? அவ போவாளா, மாட்டாளா? ம்... கேளு.

பூங்காவனம் மனசுக்குள்ள சாமிய வேண்டிக்கிட்டா. 'அத்தை மனசும் நோகக் கூடாது, என் தங்கச்சியும் தனியாக் கெடக்கக் கூடாது. நீதான் ஒரு வழி காட்டணும்.' அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு.

"அத்தை, ஊர்ல தண்ணிக் கொடத்துல பல்லி விழுந்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தத்தளிக்கும். தொபுதொபுன்னு வால அடிச்சுக்கிட்டு ஓரத்துல ஏறப் பாக்கும். பாவம், கொஞ்ச நேரத்துல செத்து மெதக்கும்."

"அப்போ இத வாளியில விடட்டா?"

காசியம்மா திக்குன்னு ஆயிட்டாங்க. "அடிப் பாவி, கொன்னுடாதடி! பல்லியக் கொன்ன பாவம் வேற சேரணுமா?"

"அது வந்ததே வாளியிலேருந்துதானே அத்தை?"

அட, ஆமா! காசியம்மாவுக்கு அப்பத்தான் உறைச்சுது. "சரி, விடு. நான் சொம்போட பக்கத்துல நிக்கறேன். தத்தளிச்சா மொண்டுடுவேன்."

பூங்காவனம் அத மெதுவா வாளிக்குள்ள எறக்கினா.

பொளக்.

தத்தளிக்கல. துடிக்கல. வால ஒரு தடவ அலைய விட்டு அடிக்குப் போச்சு. அடியில காலூணி நின்னுச்சு. நின்னு, வாளிக்குள்ளயே உலாத்த ஆரம்பிச்சுது. தரையில மூட்டுவலிக்காரி மாதிரி நடந்தது, தண்ணியில போனதும் என்னா ஒய்யாரம்! அஞ்சு நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவ மேல வந்து மூக்க நீட்டி ஒரு மொடக்கு காத்து குடிச்சுட்டு மறுபடி கீழ போச்சு.

காசியம்மா வாளி மேல குனிஞ்சாங்க. கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு உத்துப் பாத்தாங்க.

"ஏம்மா... பல்லிக்கு முன்னங்கால்லயும் அஞ்சு வெரலு, பின்னங்கால்லயும் அஞ்சு வெரலு. இதுக்கு முன்னால நாலுதான் இருக்கு." இன்னும் குனிஞ்சாங்க. "நகமே இல்ல. காது ஓட்டையும் இல்ல. செதிலும் இல்ல, தோலு மொழுமொழுன்னு இருக்கு." நிமிந்தாங்க. பெருமூச்சு விட்டாங்க. "நாப்பது வருஷமா பாத்தவ சொல்றேன். இது பல்லி இல்ல."

பூங்காவனத்துக்கு மனசு குதிச்சுது. "அப்போ நான் பெட்டிய எடுக்கட்டா அத்தை?"

"இரு, இரு. இதுக்கு என்ன பலன் போட்டிருக்குன்னு பாக்கணுமில்ல?"

மறுபடியும் பஞ்சாங்கம். காக்கா இருக்கு. பூனை இருக்கு. ஆந்தை இருக்கு, கருடன் இருக்கு, நரி இருக்கு. சாலமாண்டர் இல்ல. முன்னால பொரட்டினாங்க, பின்னால பொரட்டினாங்க. எங்கயும் இல்ல.

காசியம்மா பொத்துனு மறுபடியும் பெட்டி மேல உக்காந்துட்டாங்க.

"பல்லின்னா துன்பம்னாவது தெரியும். இதுக்கு நல்லதான்னும் தெரியல, கெட்டதான்னும் தெரியல. ஒண்ணுமே தெரியாம ஒரு பொண்ண நான் எப்படிம்மா அனுப்பறது?"

மணி ரெண்டேகால். பூங்காவனம் வாளியத் தூக்கினா.

"எங்க போற?"

"இது வீடு குட்டையிலதானே அத்தை. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். காலையிலேருந்து நாமதான் அதப் போட்டுப் படுத்திக்கிட்டிருக்கோம்."

அந்தக் குரலு காசியம்மாவ என்னமோ பண்ணுச்சு. "இரு, நானும் வரேன். வழுக்கும்"னு கொடைய எடுத்துக்கிட்டுப் பின்னாடியே எறங்கினாங்க.

குட்டைக்கரையில பாசி, தண்ணிக்குள்ள பச்சப் பச்சையாச் செடி. மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. பூங்காவனம் வாளியச் சாய்ச்சா. சளக்னு அது உள்ள போச்சு. போயி, கொஞ்ச நேரம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் நேரா ஒரு செடிகிட்ட போச்சு. ஒரு எலையப் பின்னங்காலு ரெண்டாலயும் கட்டிப் புடிச்சுக்கிட்டுச்சு.

"என்ன பண்ணுது அது?"

ரெண்டு பேரும் கரையில குந்திட்டாங்க. பாத்தா, அந்த எலையில, ஜவ்வரிசிய வேகவச்ச மாதிரி, கண்ணாடியா ஒரு சொட்டு. நடுவுல மொளகு மாதிரி ஒரு புள்ளி. அது எலைய விட்டுட்டு மெதுவா நகந்து, அடுத்த எலையக் கட்டிப் புடிச்சுது. அங்க ஒரு சொட்டு. அப்புறம் இன்னொரு எலை. பல்லி முட்ட சுண்ணாம்புருண்ட மாதிரி, ஓட்டோட, வெள்ளையா இருக்குமில்ல? இதுக்கு ஓடே இல்ல. ஒவ்வொண்ணையும் தனித்தனியா, பாத்துப் பாத்து எலையில ஒட்டுது.

தண்ணியில இன்னும் உள்ள பாத்தா, முன்னமே பொரிஞ்ச குஞ்சுங்க. ஊசி மாதிரி. கழுத்துல ரெண்டு பக்கமும் எறகு வச்ச மாதிரி செவுளு, சிலுசிலுன்னு ஆடுது.

காசியம்மா வாயில கை வச்சாங்க.

"அடி ஆத்தீ... புள்ளத்தாச்சிடி இவ!"

பூங்காவனம் தண்ணிகிட்ட இன்னும் குனிஞ்சா.

"புள்ளத்தாச்சிய ஒரு பகல் பூராக் குண்டானப் போட்டு மூடி வச்சிருந்தோமேடி! செவுத்துல ஏறுன்னோம். சொல்லு சொல்லுன்னு தட்டினோம். அவ எங்க போவா? நேரம் வந்தா தண்ணிக்குத்தான் வரணும். யாரு தடுத்தாலும் வந்துதானே ஆகணும்."

சொல்லிக்கிட்டே இருந்தவங்க சட்டுனு நிறுத்தினாங்க. அந்த எலையப் பாத்தாங்க. மருமகளப் பாத்தாங்க. பூங்காவனம் அழுவுறா. சத்தமில்லாம, மூக்க உறிஞ்சிக்கிட்டு.

அப்போ மேல ரோட்டுல, 'பாம் பாம்'னு ஜீப்பு சத்தம்!

"எந்திரி"ன்னாங்க காசியம்மா.

"அத்தை?"

"எந்திரிடிங்கறேன்! கண்ணத் தொடச்சுக்கோ. பஞ்சாங்கம் எழுதினவங்க இந்தக் குட்டையப் பாக்கல, எழுதாம விட்டுட்டாங்க. நான் பாத்துட்டேன். நான் சொல்றேன் பலன். இவ தலையில விழுந்தா, எங்கயோ ஒரு புள்ளத்தாச்சி காத்துக்கிட்டிருக்கா, ஓடுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். முட்டி வலின்னு தெனம் மொனகற காசியம்மா, அன்னிக்கு அந்தச் சரிவுல தடதடன்னு ஏறினாங்க பாரு! பின்னாலயே பூங்காவனம். காசியம்மா பெட்டியத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டு, "டேய் தணிகா, வண்டிய நிறுத்துடா! எம்மருமக வரா!"ன்னு கத்திக்கிட்டே ஓடினாங்க. தணிகாசலம் செருப்புகூட மாட்டாம ஜீப்புக்குக் குறுக்க போய் நின்னான்.

ஜீப்பு கெளம்பி, ரெண்டு வளைவு திரும்பி, மேகத்துக்குள்ள போயிடுச்சு. மறுநாளே மலை சரிஞ்சு ரோட்ட மூடிட்டாங்களாம்.

பூங்காவனம் ஊர் போய்ச் சேந்தப்போ விடியக்காலம். சுலோச்சனா தலைவாசல்ல ஒரு கைய நெலையிலயும் ஒரு கைய இடுப்புலயும் வச்சுக்கிட்டு நின்னா. "அக்கா, வலிக்குது"ன்னா. "வந்துட்டேன்"ன்னா பூங்காவனம். சாமி புண்ணியத்துல, சூரியன் உச்சிக்கு வரதுக்குள்ள கொழந்த பொறந்துடுச்சு. ஒரு பொண்ணு. கத்தின கத்துல எதிர் வீட்டு மாடு எந்திரிச்சு நின்னுச்சாம்.

அந்தக் கொழந்தைய ஏந்தின ஒடனே பூங்காவனம் என்ன பண்ணினா தெரியுமா? முன்னங்கை வெரல எண்ணினா. அஞ்சு. "நல்லவேளை, நீ எங்காளுதான்"னா.

கதை ஊருக்குப் போயிடுச்சு, இனி நீயும் தூங்கப் போ. அந்த முந்தானைய மட்டும் விடு கண்ணு, விளக்க அணைச்சுட்டு வரேன்.